கொடுக்காத பால்

சூறாவளி எங்கள் பள்ளிக்கூடத்துத் தகரங்களில் பாதியைக் கழற்றிக்கொண்டு போனபோது என் மகன் கைக்குழந்தை. நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. பாடம் நின்றுபோயிருந்தது. மிஞ்சிய தகரங்களுக்குக் கீழே, வாங்குப் பலகைகளைத் தள்ளி, வீடிழந்த குடும்பங்கள் பாய் விரித்திருந்தன. கல்முனைக் கரையின் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்துக்கிடந்தன. கிணறுகளுக்குள் கடல் வந்துபோயிருந்தது. தேநீரில் உப்பு. சோற்றில் உப்பு. முகம் கழுவினால் கண்ணில் உப்பு.

முகாமில் தொண்டு செய்ய ஆண்கள் நிறையப் பேர் வந்தார்கள். மூட்டை இறக்கினார்கள், கிணறு இறைத்தார்கள், சத்தம் போட்டார்கள். ஐந்தாம் வகுப்பு மூலைக்கு மட்டும் அவர்களால் போக முடியவில்லை. அங்கே கயிறு கட்டி இரண்டு சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஒருத்தி இத்தா இருந்தாள். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கவேண்டும். அவளுக்கு வீடு இல்லை. வீட்டுச் சுவர்தான் கணவனைக் கொன்றது. அவன் இரண்டு கையிலும் பிடித்திருந்த இரண்டு பையன்களையும் அதே சுவர் கொன்றது. இவள் மடியில் கிடந்த பெண்குழந்தை மட்டும் மிஞ்சியது. சுவர் இருந்த இடத்தில் இப்போது சேலை. அந்தச் சேலைக்கு உள்ளே போய்வர ஒரு பெண் வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

முகாமின் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர் காரைதீவிலிருந்து நடந்து வருகிற மருத்துவமாது. நாங்கள் மிஸி என்போம். அவருடைய வீட்டுக்கும் கூரை இல்லை. அதைப் பற்றிக் கேட்டால் “வெளிச்சம் நல்லா வருது” என்பார். முதல் நாளே என்னை வாசலில் நிறுத்திச் சொன்னார்.

“இஞ்ச பார் புள்ள. இஞ்ச எல்லாரும் உன்னப் பிடிச்சுத் தொங்குவாங்க. தூக்கு, குளிப்பாட்டு, இருந்து கதை. பின்னேரம் இறக்கி வச்சிட்டு வீட்ட போ. ஒருத்தரையும் உன்ட ஆளாக்காத.”

“இரக்கப்படவும் கூடாதா மிஸி?”

“படு, எனக்கென்ன. பால மட்டும் குடுத்திராத. உன்னில பால் மணக்குது. நீ குடுத்தா அந்தப் பொடிச்சி குடுக்கமாட்டா. அவட பால் வத்திரும். நாளைக்கு நீ வராட்டி அந்தப் புள்ள ஆரிட்டப் போற?”

சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். வெள்ளை உடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். வெள்ளையின் நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்தது. பால் இருந்தது. குழந்தை அவள் முதுகுக்குப் பின்னால் அழுதுகொண்டு கிடந்தது. அவள் திரும்பவில்லை. முதுகால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாய்மார்களுக்குத் தெரியும்: பிற குழந்தை அழுதாலும் மார்பு கேட்கும். அதற்கு யார் வீட்டுக் குழந்தை என்று தெரியாது. மிஸி போட்ட கட்டளையும் தெரியாது. அழுகை காதுக்கு வரும் முன்பே எனக்குள் ஏதோ இறங்கியது. சட்டைக்குள் மடித்து வைத்திருந்த துணி நனைந்தது. சட்டையும் நனைந்தது. பால்மாவைக் கொதித்த தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, கரண்டியால் ஊட்டினேன். பாதி கடைவாயில் வழிந்தது. நான் வெளியே வந்தபோது என் முன்பக்கத்தை எல்லாரும் பார்த்தார்கள்.

வெற்றிலை போடுகிற ஒரு கிழவி சொன்னாள்: “பசுவ வாசல்ல கட்டிப்போட்டுட்டு நாங்க பால்மாவுக்கு வரிசையில நிக்கிறம் கா.”

பெண்கள் சிரித்தார்கள். அந்த முகாமில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க இன்னும் நனைந்தது.

“ஒரு தரம் குடுத்தா என்ன டீச்சர்?” என்றாள் பக்கத்துப் பாய்க்காரி. “ஒரு தரத்துக்கு உறவு வராது. கணக்கு அஞ்சு.”

“மிஸி வேணாம் என்டவ.”

“மிஸி தமிழ் ஆள். அவக்கு நம்மட முறை தெரியுமா?”

முஸ்லிம்களான எங்கள் முறை இதுதான். பிற பெண்ணொருத்தியிடம் குழந்தை ஐந்து தரம் வயிறு நிறையக் குடித்தால், மார்க்கப்படி அது அவளுடைய பிள்ளை. அவள் பெற்ற பிள்ளைகள் அதற்குக் கூடப்பிறந்தவர்கள். பிறகு எந்தக் காலத்திலும் அவர்களுக்குள் கலியாணம் இல்லை, மறைப்பும் இல்லை. அதற்குக் குறைந்தால் அது வெறும் பால். எங்கள் பெண்கள் இதைச் சமையல் அளவு மாதிரித் தெரிந்து வைத்திருந்தார்கள்.

குழந்தைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. பால்மா, கிணற்றுத் தண்ணீர், ஈ. எதுவென்று யார் சொல்வது? கண்கள் உள்ளே போயின. அன்று வீட்டில் உம்மாவிடம் சொன்னேன்.

“குடு மகள். நன்மைதானே. மாப்பிள்ளைக்கிட்ட ஒரு சொல் கேட்டுட்டுக் குடு.”

கேட்டேன். அவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். “ஒரு தரம் என்டா குடுங்க. அஞ்சாக்கிராதீங்க, மறுகா என்ட வீட்டுக்குள்ள எத்தின புள்ள என்டு எனக்கே தெரியாமப் போகும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் அடித்தார்.

கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் மறுநாள் போனேன். மிஸி வரும் முன்பு. ஒரு தரம். ஒரே ஒரு தரம்.

குழந்தையை மடியில் எடுத்தேன். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும். சுவரிலிருந்து திரும்பினாள். அதுவரை நான் பார்த்திராத முகம். இடது புருவத்துக்கு மேலே செங்கல் கிழித்த காயம், காய்ந்து கறுத்திருந்தது.

“ராத்தா, ஒண்டு கேக்கட்டா?”

“கேளுகா.”

“ஒரு தரத்தோட விட்டிராதீங்க. அஞ்சு தரம் குடுங்க. என்ட கண் முன்னால குடுங்க. நான் எண்ணுறன்.”

“ஏன்?”

“மறுகா இவ உங்கட புள்ளதானே. வெறுங்கையோட வரமாட்டா. வீடுதான் உழுந்துட்டு, வளவு கிடக்கு. எங்கட உம்மா எனக்குத் தந்த வளவு. அது இவளுக்குத்தான். நீங்க வச்சிப் பாருங்க.”

“ஏங்கா இப்படிக் கதைக்காய்? நீ இருக்காய்தானே.”

“அஞ்சு முடிஞ்சா நான் இருக்கத் தேவல்ல.”

அழாமல் சொன்னாள். பெட்டி கட்டி வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆளின் முகம் அது; கொஞ்சம் அவசரம், கொஞ்சம் நிம்மதி. தென்னைகள் விழுந்த பிறகு கடலின் சத்தம் தடையில்லாமல் பள்ளிக்கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அவள் தலையைச் சற்றே சாய்த்து அதைக் கேட்டாள். இத்தாவில் இருப்பவள் வாசலைத் தாண்டக்கூடாது. அவள் என்னிடம் கேட்டது வாசலைத் தாண்டும் வழியை.

என் மடியில் கிடந்த குழந்தையின் வாய் சட்டைத் துணியைத் தேடிக் கவ்வியது. அந்தச் சின்ன வாய்தான் இவளை இந்தப் பக்கம் பிடித்து வைத்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை. நான் அதை நிறைத்தால் பிடி விட்டுவிடும்.

பொத்தானைப் போட்டேன்.

“தரமாட்டன்.”

“ஒரு தரமாவது, ராத்தா?”

“ஒரு தரமும் இல்ல.”

குழந்தையை அவள் வயிற்றோடு சேர்த்து வைத்தேன். என் சட்டை நனைந்து கனத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

“உங்கட உடம்பு குடுக்கச் சொல்லுது.”

“ஓம். சொல்லுது.”

வெளியே வந்து, மிஸி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து தரக் கணக்கையும் சொன்னேன். சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கேட்டார்.

“இத நான் யோசிக்கல்ல” என்றார். “பால் வத்திரும் என்டுதான் நான் சொன்னனான்.” வாங்கிலிருந்து எழுந்து, “அவளத் தனிய விடாதீங்க” என்றார்.

வெற்றிலைக் கிழவியையும் பக்கத்துப் பாய்க்காரியையும் சேலைக்கு உள்ளே பாய் போட்டுப் படுக்கச் சொன்னோம். ஏன் என்பதை அரைகுறையாகத்தான் சொன்னோம். அந்தச் சொல்லை எங்கள் ஊரில் வாயால் சொல்வதில்லை. அதனால் என்மேல் விழுந்த பேச்சுக்கு நான் பதில் சொல்லவும் முடியவில்லை.

“படிச்ச மனுசிகா. பாலும் படிச்ச பால் போல.”

“ஊட்டினா அழகு கெட்டிரும்.”

“அல்லாஹ் குடுத்தத வச்சிக்கிட்டு இல்ல என்டாவே. கல்லு.”

அடுத்த நாள் பின்னேரம் குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தது. வாயை மட்டும் திறந்தது, மூடியது. மிஸி சேலைக்குள் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் தலைமாட்டில் நின்றேன். அவள் கண்கள் மிஸியைப் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. என் நெஞ்சை, அதில் பரவியிருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“புள்ள, நீ வீட்ட போ” என்றார் மிஸி என்னிடம்.

“மிஸி, குழந்தை—”

“நீ நிண்டா அவ உன்னத்தான் பாப்பா. உன்ட புள்ளக்கிட்ட போ. திரும்பிப் பாராத.”

போனேன். தெருவில் தந்திக் கம்பிகள் சுருண்டு கிடந்தன. ஒரு கடைக்காரர் நனைந்த அரிசியைச் சாக்கில் காயவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போகையில் புளித்த வாசம். நடந்தேனா ஓடினேனா என்று நினைவில்லை. வீட்டில் என் மகனை எடுத்து ஒரு பக்கம் கொடுத்தேன். அவன் கண்ணை மூடி, கையால் என் விரலைப் பிடித்துக் குடித்தான். மற்றப் பக்கம் தானாக ஒழுகிச் சிமெந்துத் தரையில் சொட்டியது. துணி வைக்கவில்லை. உம்மா பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

காலையில் சேலைக்கு வெளியே நின்றேன். அப்போது கேட்டது. இழுத்து, விழுங்கி, மூச்சு வாங்கி, மறுபடி இழுக்கிற சத்தம். வெற்றிலைக் கிழவி வெளியே வந்து என்னைப் பார்க்காமல் துப்பினாள்.

உள்ளே போனேன். அவள் எழுந்து உட்கார்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் சுவருக்கு. எனக்கு முதுகு.

“இப்ப சந்தோசமா, ராத்தா?” என்றாள். “என்னக் கட்டிப்போட்டுட்டீங்க.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

இத்தா முடிந்து, தன் வளவில் ஒரு கிடுகுக் குடிசை போட்டுக்கொண்டு போனாள். நான் போய்ப் பார்க்கவில்லை. போக நினைத்து அந்தத் தெரு முனைவரைக்கும் போன நாட்கள் உண்டு. மார்க்கம் சொன்ன இரண்டு வருடமும் குறை வைக்காமல் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாள் என்று பெண்கள் கதைத்துக்கொண்டார்கள். பால் மறக்கடித்த மாதத்தில், ஒரு விடியற்காலை, கடற்கரைப் பக்கம் போனாள். ஒலுவில் பக்கத்துக் கடலிலிருந்து மீன்காரர்கள் உடலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாய் கழுவப் போனவளை அலை இழுத்தது என்று ஊர் சொன்னது. அப்படியே தொழுதார்கள், அப்படியே அடக்கினார்கள். மையித்து வீட்டில் பெண்களோடு பெண்ணாக நானும் இருந்தேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மிஸியை ஆஸ்பத்திரி வாசலில் கண்டேன்.

“ரெண்டு வருசந்தான் மிஸி.”

“ரெண்டு வருசம் தாய்ப்பால் குடிச்ச புள்ள கா அது” என்றார். குடையை விரித்தார், போனார். பிறகு கலவரத்தில் எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவில் தெரு மூடிக்கொண்ட வருடங்கள் வந்தன. டயர் எரிந்த தெரு. யார் வீட்டுக் கூரை இருக்கிறது, யார் வீட்டுக் கூரை இல்லை என்று இரண்டு பக்கத்தாரும் கேட்டுக்கொள்ளாத தெரு. அவரை நான் மறுபடி காணவில்லை.

அந்த வருடங்களில்தான் அந்தப் பெண்பிள்ளை என் வகுப்புக்கு வந்தது. கழுத்து மெலிந்த பிள்ளை. வாப்பாவின் தங்கைதான் வளர்த்தாள். பாய் இழைத்து விற்கிறவள், தனக்கும் பிள்ளைகள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“டீச்சர், ஒரு கதை. கேம்புல நீங்க இவளுக்குப் பால் குடுத்தீங்க என்டு சனம் கதைக்குது.”

“ஆர் சொன்ன?”

“எல்லாரும். உங்கட சட்ட நனைஞ்சிருந்ததக் கண்ட ஆக்கள் இருக்காங்க. குடுத்திருந்தா சொல்லுங்க டீச்சர். அஞ்சு தரம் என்டா இவ உங்கட புள்ள. எனக்கும் வீடு நிறையப் புள்ளைகள் கிடக்கு. நான் பாரத்துக்காகச் சொல்லல்ல…”

பாரத்துக்காகத்தான் சொன்னாள். அதில் பிழையுமில்லை.

பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டில் இதைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். முகம் கழுவி, தலையை இறுக்கி வாரி, கூட்டி வந்திருக்கிறார்கள். ஓம் என்று ஒரு சொல். அதற்குச் சாட்சி என் நனைந்த சட்டை. ஊரே நம்பக் காத்திருந்தது. என் மகனுக்குத் தங்கச்சி, என் வீட்டில் கூடுதலாக ஒரு பாய். எனக்கு ஆசையாக இருந்தது. இன்றைக்கும் அந்த ஆசையின் இடம் எனக்குத் தெரியும், நெஞ்சில் இந்தப் பக்கம்.

“இல்ல” என்றேன். “நான் குடுக்கல்ல.”

“ஒரு தரமும்?”

“ஒரு தரமும்.”

மாமிக்காரி மூச்சை விட்டாள். பிள்ளையின் கண்கள் என் முகத்திலிருந்து இறங்கித் தரைக்குப் போயின. நான் குந்தி உட்கார்ந்தேன்.

“உன்ட உம்மாதான் குடுத்தா. ரெண்டு வருசமும் அவதான். வேற ஒருத்தரும் இல்ல.”

“நீங்க கண்டீங்களா?”

நான் கண்டது ஒரு முதுகை. வெள்ளைத் துணியை. சுவரை.

“சத்தம் கேட்டன்.”

“என்ன சத்தம்?”

“நீ குடிக்கிற சத்தம்.”

அது அதை யோசித்துக்கொண்டே மாமியோடு போனது. வாசலைத் தாண்டும்போது ஒரு தடவை நின்று, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, ஏதோ சத்தம் செய்து பார்த்தது. மாமி கையை இழுத்தாள்.

மறுநாள் காலையில் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பள்ளிக்கூட பிஸ்கட்டை அதற்கும் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அளவு.