குண்டூசி அக்காவின் விரல்கள்

வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டேதான் அக்கா பேசுவார். உதடு அசையாது, வார்த்தை மட்டும் வெளியே வரும். "நடுவுல பிடிம்மா. நடு சரியா இருந்தா ஓரம் தன்னால வழிக்கு வரும்." எதிர்ப்பக்கத்தில் துணியைத் தாங்கி நிற்கும் நாத்தனார், எப்போதும் கேட்கிற பாட்டுதானே என்று தலையாட்டுவாள்.

இருவருக்கும் போர்வை தைக்கிற தொழில். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மேல்துணியை வாடிக்கைக்காரர்கள் கொண்டுவருவார்கள். அதற்கு அடியில் பஞ்சு, பஞ்சுக்கு அடியில் அடித்துணி. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தையல் ஓட்டுவதற்கு, நீண்ட கழுத்துள்ள ஒரு தையல் மெஷினும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் கடையின் முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சட்டத்தில் உருளைகள். உருளைகளில் கித்தான் பட்டைகள். அடித்துணியை அந்தக் கித்தானோடு கோணாமல் இணைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அங்கே இம்மி பிசகினாலும் போர்வையின் முதுகு முழுக்கச் சுருக்கம் விழுந்துவிடும்.

இணைக்கப் பல வழி உண்டு. கிளிப் போடலாம், ஜிப் வைக்கலாம். அக்காவுக்குக் குண்டூசிதான். பட்டப்பெயரும் அப்படித்தான் வந்தது. கண் வாசலில் இருக்கும், வாய் நாத்தனாரோடு ஊர்வம்பு பேசும், விரல்கள் தம் பாட்டுக்கு ஊசியை விட்டு எடுத்து, அடுத்ததை அதன் வாலை ஒட்டினாற்போல் விட்டுக்கொண்டே போகும். கிளிப் போடுகிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது சட்டத்துல மாட்டினது இல்லம்மா, கொடியில காயப்போட்டது" என்பார். பிறகு துணிக்கு அடியில் கையை விட்டு விரல்நுனிகளால் தட்டி இழுவை பார்ப்பார். "தொங்கவும் கூடாது, விறைக்கவும் கூடாது. தூங்குற குழந்தை வயிறு மாதிரி இருக்கணும்."

ஒரு நாள் காலை வெள்ளை அடித்துணி ஒன்றை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். ஓரத்தில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. சாயம் ஒட்டிக்கொண்டதோ என்று குனிந்தார். பொட்டுகள் ஊசி வரிசையோடு கூடவே நடந்து போயிருந்தன. கடைசிப் பொட்டு ஈரமாக இருந்தது. ஆட்காட்டி விரலைத் திருப்பினார். நுனியெல்லாம் ரத்தம். அமுக்கிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் வந்தது. யாரோ ஒருத்தருடைய விரலைப் பிடித்து அமுக்குவதுபோல் இருந்தது.

சர்க்கரை வியாதியில் அக்காவின் அம்மாவுக்குக் கால் மரத்துப்போனதும் இப்படித்தான் ஆரம்பித்தது. செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிய ஆணியோடு அந்த அம்மாள் பகல் முழுக்க நடமாடியிருக்கிறார். மகள் பார்த்துவிட்டு அலறியபோது, "வலிக்கலையே" என்று சிரித்தார். அந்தக் காலை வெட்டி எடுக்க வேண்டி வந்தது.

தைத்து முடிந்ததும் அடித்துணியின் ஓரத்தை வெட்டிவிடுவார்கள், கறை யார் கண்ணிலும் படப்போவதில்லை. இருந்தும் ஈரத்துணியால் ஒவ்வொரு பொட்டாக ஒற்றி எடுத்தார். நாத்தனார் டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் விரலில் பிளாஸ்டர் ஏறிவிட்டது. "கத்தரி பட்டுடுச்சு."

சில நாளில் கடைக்குக் கிளிப் வந்து இறங்கியது. நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன அண்ணி, துணி காயப்போடப் போறோமா?"

"காலம் மாறுதில்ல. நான் மட்டும் வாயில ஊசியோட நிக்கணுமா?"

கிளிப் போட, துணிக்கு அடியில் கம்பியை வைத்து, மேலே பிளந்த குழாயைப் பொருத்தி அழுத்த வேண்டும். சரியாக உட்கார்ந்தால் 'டக்' என்று கவ்வும். அந்த 'டக்'கை விரல் சொல்லவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டார். மெஷின் ஓடும்போது ஒன்று தெறித்து விழுந்து, அந்தப் பக்கத் தையல் முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று. அடுத்ததாக ஜிப் வந்தது. ஒரு பாதி கித்தானில், மறுபாதி அடித்துணியில். இழுத்தால் வேலை முடிந்தது. ஆனால் ஜிப்பின் நாக்கைப் பிடித்திருக்கிறோமா நழுவவிட்டோமா என்பதே குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு பொத்தான் மாட்டிப் பார்த்தார். குளியலறையில் விரலைக் கடித்துப் பார்த்தார். வெளியே கிளம்பும்போதெல்லாம் செருப்பைக் கவிழ்த்துத் தட்டினார். "என்ன, பாம்பு தேடுறியா?" என்றார் கணவர். "கல்லு இருந்துச்சு" என்றார் அக்கா. டாக்டரிடம் போவதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். டாக்டர் சொல்லாதவரை அதற்குப் பெயர் கிடையாதல்லவா?

அப்படியிருக்கும்போதுதான் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி மகளுக்குப் போர்வை தைக்க வந்தாள். கொண்டுவந்த அடித்துணி அளவில் குறைந்தது.

"சுத்தி ஒரு சாண் கூட வேணும்னு சொன்னேனே டீச்சர்."

"இந்தத் துணி இனிமே கிடைக்காதுக்கா. எப்படியாவது பார்த்துச் செய்ங்க."

கிளிப் கவ்வ ஓரம் போதாது. ஜிப் வைத்துத் தைக்கவும் இடம் இல்லை. டீச்சர் போனதும் நாத்தனார் துணியை விரித்தாள். "குண்டூசிதான் அண்ணி, வேற வழியில்ல. உங்களுக்கென்ன, கண்ணை மூடிக்கிட்டே குத்துவீங்க."

அன்று அக்கா வம்பு பேசவில்லை. வாசலைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஊசியும் எங்கே நுழைகிறது, எங்கே வெளிவருகிறது என்று கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனார். கழுத்து வியர்த்தது. முக்கால்வாசி முடிந்த நேரத்தில், "அண்ணி, கத்தரி உங்க பக்கமா இருக்கு?" என்று நாத்தனார் கேட்டாள். அக்கா திரும்பினார். கை வரவில்லை. இழுத்ததும் கூடவே துணியும் வந்தது.

"அசையாதீங்க" என்றாள் நாத்தனார். குரல் அடங்கிப்போயிருந்தது.

விரல்நுனித் தோலையும் சேர்த்துக் கோத்துக்கொண்டு ஊசி கித்தானுக்குள் போயிருந்தது. நாத்தனார் அதைப் பிடித்து மெதுவாக உருவினாள். உருவும்போது அவள் முகம்தான் சுளித்தது.

"வலிக்கலையா அண்ணி?"

நாத்தனார் மூலையில் கிடந்த கிளிப் பெட்டியைப் பார்த்தாள், ஜிப் சுருளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அதுக்குத்தானா இதெல்லாம்?"

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதே."

"அண்ணன் கிடக்கட்டும். கடையைச் சாத்துங்க, டாக்டர்கிட்ட போவோம்."

"டீச்சரோட போர்வை..."

"அது எங்கேயும் ஓடிடாது. அதான் இத்தனை ஊசி குத்தி வச்சிருக்கீங்களே."

டாக்டர் சின்ன வயதுப் பெண். நைலான் நரம்பு செருகிய ஒரு குச்சியை எடுத்தாள். "கண்ணை மூடிக்கிட்டு, தொடும்போது சொல்லுங்கம்மா." நரம்பு சுண்டுவிரலில் பட்டு வளைந்தது. "தெரியுது" என்றார் அக்கா. மோதிர விரல். "தெரியுது." நடுவிரல். "தெரியுது." குரல் திடமாகத்தான் இருந்தது. முழுக்க மூடாத இமை இடுக்கில் நரம்பின் நுனி அசைவது மெல்லியதாகத் தெரிந்துகொண்டிருந்தது. டாக்டர் கவனிக்கவில்லை.

பக்கத்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நாத்தனார் எழுந்து பின்னால் வந்து நின்றாள். மெஷின் எண்ணெய் வாசம் மாறாத உள்ளங்கையால் அக்காவின் இரண்டு கண்களையும் பொத்தினாள். இருட்டாகிவிட்டது.

அக்கா அந்தக் கையை விலக்கவில்லை. மேஜைமேல் மெல்ல மடங்கிக்கொண்டிருந்த தன் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, டாக்டர் பக்கம் நீட்டினார்.