ஸ்ரீ வூட்டுக்கார்

சங்க விதி நான்கின்படி, பயிற்சித் தொண்டராகச் சேர்பவர் பதினெட்டு வயது நிரம்பியவராகவும், தமிழும் இந்தியும் பிழையின்றி அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். எனக்குப் பதின்மூன்று வயது. டில்லி சரோஜினி நகரிலேயே பிறந்து வளர்ந்ததால் என் தமிழ் சாப்பாட்டுத் தட்டைத் தாண்டிப் போனதில்லை. விதியைத் தளர்த்தும் அதிகாரம் கௌரவச் செயலாளருக்கு இருந்தது. கௌரவச் செயலாளர் என் சித்தி.

டில்லிக்குக் கூலி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு உதவுவது சங்கத்தின் நோக்கம். முனிர்காவில் ஒரு மாடி அறைதான் அலுவலகம். எழுபதுகளின் அந்தக் கோடை விடுமுறையில், ரேஷன் அட்டை விண்ணப்பங்களை இந்தியில் நிரப்பும் பொறுப்பு என்னுடையதாயிற்று. 'பயிற்சித் தொண்டர்' என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, எல்லோரும் படிக்கட்டும் என்று, இடம் காலியாக இருந்தும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

முதலில் வந்தவர் விழுப்புரம் பக்கத்துப் பூங்காவனம். கட்டட வேலை செய்பவர். அவர் இருந்த சந்தின் குடிசைகளை நவம்பர் பதினைந்தாம் தேதி அகற்றப்போவதாக அறிவித்திருந்தார்கள். ரேஷன் அட்டை இருந்தால் மாற்று மனை, இல்லையென்றால் தெரு.

"ஹஸ்பெண்ட் பேரு என்ன ஆன்ட்டி?"

"எங்க வூட்டுக்காரரு, பாப்பா."

கடைசி 'ரு' மரியாதைக்குச் சேர்ப்பது என்ற அளவுக்குத் தமிழ் எனக்குத் தெரியும். அதை நீக்கி, முன்னால் ஸ்ரீ சேர்த்து, 'ஸ்ரீ வூட்டுக்கார்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ஜூலையில் படிவம் திரும்பி வந்தது. விசாரிக்கப் போன இன்ஸ்பெக்டர் ஓரத்தில் எழுதியிருந்தார்: இப்பெயருடையவர் எல்லாக் குடிசைகளிலும் இருப்பதாகத் தெரிகிறது, எவர் என்று தெளிவுபடுத்துக.

சித்தி சிரிக்கவில்லை. "புருஷன் பேர அவ வாயால சொல்லமாட்டா. உன் ஃபார்ம், நீயே போய் சரி பண்ணு" என்றாள்.

பூங்காவனம் குறிப்பு மட்டும் கொடுத்தார். "சாமி பேருதான். பழனில நிக்கிறாரே." எனக்குத் தெரிந்தது முருகன் ஒன்றுதான். அது இல்லை என்று தலையாட்டினார். வீட்டில் அப்பாவைக் கேட்டு இருபத்திரண்டு பெயர்களை இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு, மறுநாள் அந்தச் சந்தில் நின்று வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல் வாசித்தேன். கந்தன், வேலன், சரவணன் எல்லாம் போயின. தண்டபாணி என்றதும் பூங்காவனம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். பின்னால் முப்பத்தைந்து வருட அரசுப் பணியில் எத்தனையோ கோப்புகளை முடித்திருக்கிறேன். ஒன்றுக்கும் கைதட்டல் கிடைத்ததில்லை.

கிளம்பும்போது, "அந்தப் பேர இன்னொருவாட்டி சொல்லு பாப்பா" என்றார். சொன்னேன். இன்னொரு முறையும் கேட்டார். பிழை வந்துவிடக் கூடாதென்று கவலைப்படுகிறார் என நினைத்து, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னேன். தண்டபாணி அவரை விட்டுப் போய் நான்கு வருடமாகிறது என்பது அந்தச் சந்துக்கே தெரியும். அது தெரியாத பயிற்சித் தொண்டர் 'தற்போது வெளியூர்' என்று குறித்துக்கொண்டு பெருமையோடு பஸ் ஏறினாள்.

திருத்த மனுவைப் பொருள், பார்வை எல்லாம் போட்டு நானே எழுதினேன். பதினைந்து நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். அட்டை வழங்கலாம் என்ற பதில், குடிசைகளை அகற்ற மூன்று நாள் இருக்கையில், நவம்பர் பன்னிரண்டாம் தேதி வந்தது.