துண்டுக்குள் ஒரு விலை

அப்பாவிடம் ஏலக்காய் வாங்கும் வியாபாரி அவர். மனிதர் ஒல்லி, தோள்துண்டு மட்டும் போர்வை அளவுக்கு இருக்கும். எந்தத் தொகையையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். துண்டுக்குள் நம் விரல்களைப் பிடித்துத்தான் விலை பேசுவார்.

அரசாங்க உதவித்தொகையில் நான் லண்டன் போய்ப் படிக்க ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டியிருந்தது. சொந்தக்காரர்கள் நழுவிவிட்டார்கள். இவர் வந்தார்.

“படிச்சிட்டுப் பையன் திரும்பி வரலேன்னா, முழுப் பணமும் நீங்கதான் கட்டணும்” என்றார் அதிகாரி.

“வரலேன்னா அங்க நல்லாருக்கான்னு அர்த்தம். கட்டிட்டுப் போறேன். எம்புட்டு?” என்று துண்டை நீட்டினார். அதிகாரி விழித்தார்.

படிப்பு முடிந்து போடியில் பஸ்சை விட்டு இறங்கினேன். எதிரே வந்த வியாபாரி என்னைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார்.

“ஏன் அப்பு, அங்க ஒத்துக்கலையா?”

கேட்டுக்கொண்டே துண்டுக்குள் என் விரல்களை இறுக்கிப் பிடித்தார். அது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.