நயினார் வடிகட்டிய ஆயில்

முசரவாக்கம் குந்துநாதன் மண்ணைத் தோண்டுவதற்கு முன்னால் மண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தோண்டுவார். டிராக்டரின் பின்னால் மாட்டியிருக்கும் நீண்ட இரும்புக் கையை இறக்கி, பக்கெட்டின் முதுகால் தரையை மெதுவாகத் தட்டுவார். தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். உள்ளே இருக்கும் மண்புழு, வண்டு, நட்டுவாக்காலி எல்லாம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்புவதற்கு அவர் கொடுக்கும் அவகாசம் அது. தட்டினால் மண்புழுவுக்குப் புரியுமா என்று யாராவது கேட்டால், "எனக்குப் புரியுது இல்ல, போதும்" என்பார்.

ஜைனக் குடும்பம். ஊரில் எல்லோருக்கும் அவர் நயினார். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது. பட்டும் கிடையாது, ஒரு புடவைக்கு எத்தனை புழு வெந்திருக்கும் என்பது அந்த வீட்டில் குழந்தைக்கும் தெரியும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பட்டு உடுத்தாமல் இருப்பது, கடலோரத்தில் இருந்துகொண்டு மீன் தின்னாமல் இருப்பது மாதிரி. அவர்கள் மீனும் தின்பதில்லை.

இதற்கெல்லாம் மேலே தண்ணீர். துணியில் வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டு அவர் தொண்டையில் இறங்காது. அடுத்த வீட்டில் வடிகட்டுவார்களோ மாட்டார்களோ என்று, போகிற இடமெல்லாம் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோவார். கல்யாண வீட்டிலும் அதே பாட்டில்தான். பெண்ணைப் பெற்றவர்கள் கோபித்துக்கொண்டு, பிறகு பழகிக்கொண்டார்கள்.

இப்பேர்ப்பட்டவர் குழி தோண்டும் தொழிலுக்கு எப்படி வந்தார் என்றால், எல்லோரையும் போலத்தான் வந்தார். நிலம் சுருங்கியது, டிராக்டர் மீந்தது. மீந்த டிராக்டருக்குப் பின்னால் ஒரு கையை வாங்கி மாட்டினார். பெரிய பொக்லைன் நுழைய முடியாத சந்துகள் காஞ்சிபுரத்தில் நிறைய இருக்கின்றன. அவற்றில் அவர் வண்டி நுழைந்தது.

அந்த வண்டியின் கையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் ஆயிலையும் அவர் வடிகட்டித்தான் ஊற்றினார். ஆயில் குறைந்து நிரப்பும்போதெல்லாம் புனலின் வாயில் வேட்டித் துண்டை இரண்டாக மடித்துக் கட்டுவார். அவர் மனைவி பிராமி, தண்ணீருக்கு எடுப்பது போலப் புதுத் துணியாக எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "வண்டிக்குத்தானேம்மா, பழசு போதும்" என்று இற்றுப்போன வேட்டியைக் கிழித்துக்கொண்டார். பழசு போதும் என்று சொன்னதுதான் அவர் செய்த தப்பு. ஆனால் அது தெரிவதற்கு ஐப்பசி மாதம் வரவேண்டியிருந்தது.

ஐப்பசியில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவுக்கு மழைநீர் வடிகால் தோண்டப் போனார். தெருவின் மேட்டிலிருந்து தோண்டிக்கொண்டே வந்து, பள்ளத்தில் இருக்கும் பெரிய கால்வாயோடு சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு ஒரு மாட்டுவண்டி நீளம் பாக்கி இருந்தபோது வண்டி படுத்துக்கொண்டது. தோண்டிய மண் பழைய சாக்கடையை மூடிக் கிடந்தது. மண்வெட்டி பிடிக்கிற ஆட்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது மழை வந்தால் தெருத் தண்ணீர் முழுக்க அந்தப் புதுப் பள்ளத்தில் ஓடிவந்து, போக வழியில்லாமல் கடைசி வீட்டுக்குள் ஏறும். நயினார் வராமலே இருந்திருந்தால் தெரு இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

கடைசி வீடு காந்தாவுடையது. அவளும் அவள் கணவர் ராஜகோபாலும் நெய்வது குழித்தறியில். தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு மிதித்து நெய்யும் தறி. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் அந்தக் குழிதான் நிரம்பும். தறியில் ஓடிக்கொண்டிருந்தது அவர்கள் மகள் அபிநயாவின் முகூர்த்தப் புடவை. ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் நெய்து அனுப்பியவர்கள், தங்கள் வீட்டுக்கு என்று நெய்வது இதுதான் முதல் தடவை. பாதி நெய்திருந்தது. பாதியில் அறுத்து எடுத்தால் அது புடவை ஆகாது, துண்டுதான் ஆகும்.

வண்டிக்கு வந்த நோய் விசித்திரமானது. காலையில் கை ஜம்மென்று தூக்கும். போகப் போகச் சோம்பும். மண் அள்ளிய பக்கெட் பாதி உயரத்தில் நின்று யோசிக்கும். எஞ்சினை முடுக்கினால் பம்பு ஊளையிடுமே தவிர, கை ஏறாது.

வாலாஜாபாத்திலிருந்து மெக்கானிக் தேவேந்திரனை வரவழைத்தார். அவன் வந்து சேரும்வரை வண்டி நிறுத்திக் கிடந்தது. அவன் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தபோது முள் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. வைத்தியரைக் கண்டதும் பல்வலி போன கதைதான். தேவேந்திரன் வால்வைத் திருகினான், சிலிண்டருக்குப் புது சீல் போட்டான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"நயினாரே, டேங்குக்கு அடியில ஒரு ஃபில்டரு இருக்குமே, அத எப்ப கழட்டிப் பாத்தீங்க?"

"அதுக்கு வேலையே இல்லப்பா. நான் வடிகட்டித்தான் ஊத்துறேன். எங்க ஊட்ல தண்ணியே வடிகட்டாம குடிக்க மாட்டோம். வண்டிக்கு மட்டும் உட்டுடுவனா?"

"அதுக்கில்ல நயினாரே, ஒரு தபா தொறந்து..."

"வேற எதுனா பாருப்பா."

அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை என்று தேவேந்திரனுக்குப் புரிந்தது. வேறு பார்த்தான். சூடானால் வேகம் குறைகிறது என்றால் பம்பு தேய்ந்துவிட்டது, வாலாஜாபாத்துக்குக் கொண்டுவந்து பிரிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். கொண்டுபோனால் தீபாவளி கழித்துத்தான் வரும். மழை தீபாவளி பார்ப்பதில்லை.

மறுநாள் மத்தியானம் மேற்கே வானம் கறுத்துவிட்டது. பக்கெட் வழக்கம்போலப் பாதியில் நின்றது. காந்தா வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். உள்ளே ராஜகோபால் நிலைப்படியில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மழ வந்துக்கினு இருக்குது நயினாரே. உங்க வண்டி தூங்கிக்கினு இருக்குது."

"பம்பு போயிடுச்சும்மா."

"பம்பு போனா போவட்டும். எங்க தறிக்குழில தண்ணி வந்தா, எம்பொண்ணு என்னாத்தக் கட்டிக்கினு மணவறைல ஒக்காரும்?"

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார். ஒரு புழுவுக்குத் துன்பம் வரக்கூடாது என்று தரையைத் தட்டுகிறவர், ஒரு வீட்டையே மூழ்கடிக்கப் போகிறார். எந்தப் பிறவியில் கழிப்பது இதை?

சும்மா நிற்கப் பிடிக்காமல் மறுபடி ஏறி எஞ்சினைக் கிளப்பினார். கை விருட்டென்று மேலே போனது. அள்ளிய மண்ணையெல்லாம் கொட்டிவிட்டு வந்தது. டேங்கைத் தொட்டுப் பார்த்தார், தோசைக்கல்லாகச் சுட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தேய்ந்த பம்பு என்றால் சூடு ஆறும்வரை அது சோம்பலாகத்தானே இருக்கவேண்டும்? சூடு ஆறவே இல்லை. ஓய்வு மட்டும்தான் கிடைத்தது. அப்படியென்றால் ஓடும்போது ஏதோ ஒன்று போய் வழியை அடைக்கிறது, நின்றால் அதுவே கீழே உதிர்ந்துவிடுகிறது. அந்த டேங்குக்குள் எதுவும் போயிருக்க வாய்ப்பில்லை. அவர்தான் வடிகட்டி ஊற்றுகிறாரே.

கை மறுபடி சோம்பத் தொடங்கியது. தேவேந்திரனுக்குப் போன் போட்டார்.

"அந்த ஃபில்டரு எங்கப்பா இருக்குது?"

"டேங்க் அடியில, பம்புக்குப் போற பைப்பு சேர்ற எடத்துல, நயினாரே. ஆயில எறக்கிட்டுக் கழட்டுங்க."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஆயிலைப் பிடிக்கப் பாத்திரம் வேண்டும் என்றதும் காந்தா சாயம் காய்ச்சும் குண்டாவையே உருட்டிக்கொண்டு வந்தாள். ஆயிலை இறக்கி, ஸ்பானரால் திருகி, ஃபில்டரை வெளியே எடுத்தார். கம்பிவலை தெரியவில்லை. வலையைச் சுற்றி, குளிருக்குப் போர்த்திய மாதிரி, அழுக்கு வெள்ளையில் தடிமனாக ஒரு கம்பளி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

காந்தா அதில் ஒரு துணுக்கைப் பிய்த்து விரலிடுக்கில் உருட்டினாள்.

"பருத்தி நூலு. பழசு. இது எப்டி உள்ள போச்சு?"

பொய் சொல்லும் வழக்கம் இல்லாததால் அவர் உண்மையைச் சொன்னார்.

"என் வேட்டிம்மா."

காந்தா அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். அவர் கட்டியிருந்த வேட்டி முழுசாக இருந்தது.

"வடிகட்டறதுக்குன்னு கிழிச்சது" என்றார். வெட்கம் காதுவரை ஏறியது.

வலையை டீசலில் கழுவினார். அது சுத்தமானது. டேங்கின் உள்ளே துடைக்க, பழக்கதோஷத்தில், சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கந்தலை எடுத்தார். காந்தா அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

"மறுபடியும் துணியா?"

ஆனால் துணி இல்லாமல் முடியாது. குண்டாவில் கிடந்த ஆயில் முழுக்க நூல் மிதந்தது. புது ஆயில் வாங்கிவர நேரமில்லை. அப்படியே ஊற்றினால் வலை மறுபடி அடைத்துக்கொள்ளும், வடிகட்டித்தான் ஊற்றவேண்டும். வடிகட்டியதால் வந்த வினைக்கு வடிகட்டுவதே மருந்து. நூல் உதிராத துணி எங்கே கிடைக்கும்?

நெசவாளர் தெருவில் நின்றுகொண்டு அவர் அப்படிக் கேட்டார். காந்தா உள்ளே போய், நான்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்துவந்தாள். மயில்கழுத்து நிறம். மகள் புடவைக்கு நிறம் பார்ப்பதற்காக முதலில் நெய்து பார்த்த மாதிரித் துண்டு.

"பட்டு. இழ உதிராது."

குந்துநாதன் கையை நீட்டவில்லை. இந்த வயதுவரை பட்டுத்துணியை அவர் தொட்டதில்லை. மேற்கே இடி உருண்டது.

"எங்க ஊட்ல பட்டு எடுக்க மாட்டோம்மா."

"தெரியும் நயினாரே. நீங்க கட்டிக்க வேணாம். வண்டிக்குக் கட்டுங்க. வண்டி எதுனா விரதம் எடுத்துருக்குதா?"

வண்டி விரதம் எடுத்திருக்கவில்லை. அதை அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். வெந்த புழு வெந்ததுதான். அது திரும்பி வராது. வரப்போகும் தண்ணீரை நிறுத்தலாம். அந்தத் துண்டை வாங்கி, முதலில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொன்னார். அந்தப் புழுக்களிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார். பிறகு புனலின் வாயில் இழுத்துக் கட்டினார்.

ஆயில் சூடாக இருந்ததால் இறங்கியது, ஆனால் பட்டுக்கே உரிய நிதானத்தோடு இறங்கியது. காந்தா மொண்டு மொண்டு ஊற்றினாள். மயில்கழுத்து கறுப்பாகிக்கொண்டே போனது. நூலெல்லாம் மேலே தங்கியது.

முதல் தூறல் விழும்போது எஞ்சின் கிளம்பியது. குந்துநாதன் கையை இறக்கி, பக்கெட்டின் முதுகால் தரையை மெதுவாகத் தட்டினார். தட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்.

"அய்யோ நயினாரே!" என்று காந்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இருங்கம்மா. கெளம்பட்டும்."

கிளம்புகிறவை கிளம்பியபின் தோண்டினார். கை ஒருதரம்கூட யோசிக்கவில்லை. பம்பு முனகவில்லை. மழை வலுத்து, தெருத் தண்ணீர் காப்பி நிறத்தில் பள்ளத்தில் இறங்கி ஓடிவந்து, காந்தாவின் நிலைப்படி உயரத்துக்கு ஏறி மண்மூட்டையை நனைத்தபோது, கடைசி மண்ணும் பெயர்ந்தது. தண்ணீர் ஒரு நிமிஷம் சுழன்றது. பிறகு பெரிய கால்வாய்க்குள் திபுதிபுவென்று போனது. ராஜகோபால் மண்மூட்டைமேல் உட்கார்ந்து, வாயைத் திறந்து, மழை என்றும் பார்க்காமல் அழுதார்.

மழை நிற்கவில்லை. குந்துநாதன் தொப்பலாக நனைந்து அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஓரமாக நின்றார். தறிக்குழி காய்ந்து கிடந்தது. ராஜகோபால் அதில் இறங்கி உட்கார்ந்து, நெய்கிற மனநிலை இல்லாவிட்டாலும், தறி ஓடுகிறதா என்று பார்க்க நாலு இழை போட்டார். காந்தா தட்டில் இட்லியோடு வந்தாள்.

"பொழுது போயிடுச்சும்மா. சாப்பிட மாட்டேன்."

"தண்ணியாச்சும்?"

தண்ணீர் குடிக்கலாம். பாட்டில் மத்தியானமே காலி. தொண்டை காய்ந்திருந்தது. ஆனால் வேண்டாம் என்று தலையாட்டினார். காந்தா அவருடைய காலிப் பாட்டிலைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வெகுநேரம் வரவில்லை. சமையலறைக் கதவு திறந்திருந்தது. அவள் பெட்டியிலிருந்து புது வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, அலசிப் பிழிந்து, இரண்டாக மடித்துச் சொம்பின் வாயில் இழுத்துக் கட்டுவது தெரிந்தது. குடத்துத் தண்ணீரை அதன்மேல் மெதுவாக, ஆயிலை ஊற்றிய அதே நிதானத்தோடு ஊற்றினாள். சொம்பிலிருந்து டம்ளரில் சாய்த்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு கொண்டுவந்து நீட்டினாள்.

"நல்லாப் பாத்துட்டேன் நயினாரே. நூலு வரல. குடிங்க."

குந்துநாதன் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு டம்ளர் கேட்டார்.