அதையும் தெருவில்தான் சொல்ல வேண்டும்

போன வருடம் ஏலக்காய் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம். போடிநாயக்கனூரில், மலைமேல் இருக்கும் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் நிற்கிற முக்கில் இது நடந்தது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் தணியவில்லை.

அந்த முக்குக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறோம். கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் சபையிலிருந்து நாலைந்து பெண்கள் வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில், ஜீப்பு கிளம்புவதற்கு முன் அங்கே நின்று ஒரு பாட்டுப் பாடுவோம். அப்புறம் எங்களில் ஒருவர் கொஞ்ச நேரம் பேசுவார். மைக் கிடையாது. கேட்கிறவர்கள் கேட்பார்கள். மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு தங்கள் கதையைப் பேசிக்கொண்டிருப்பார்கள். "எக்கா, பாட்டு மட்டும் படிங்க, பேச்ச அடுத்த வாரம் வச்சுக்கலாம்" என்று ஒரு டிரைவர் எப்போதும் கிண்டல் செய்வார். நாங்களும் சிரித்துவிடுவோம். யாரும் யாரிடமும் முகம் சுளித்ததில்லை.

"சர்ச்சு இருக்கையில் ரோட்டில் நின்று எதுக்குப் பேசணும்?" என்று எங்கள் உறவுக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். வேதத்தைப் படிக்கிறவர்கள் கேட்கிற கேள்வியா இது? இயேசு மலைச்சரிவில் உட்கார்ந்து பேசினார். படகில் இருந்துகொண்டு கரையில் நின்ற கூட்டத்தோடு பேசினார். கிணற்றடியில் தண்ணீர் எடுக்க வந்த பெண்ணோடு பேசினார். அவருடைய அப்போஸ்தலர் பவுல் சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடெல்லாம் பேசினார். கூரைக்குக் கீழே மட்டும்தான் பேச வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

அந்த மாதம் சபையில் நடந்த சிறப்புக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியாரை அழைத்திருந்தார்கள். தன் பிரசங்கங்களை வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறவர். கூடவே ஒரு கேமராக்காரரும் வந்திருந்தார். நாங்கள் ஜீப்பு முக்கில் பேசுவதைக் கேள்விப்பட்டு, தானும் வருவதாகச் சொன்னார். எங்களுக்குச் சந்தோஷம்தான்.

மறுநாள் காலை ஒலிபெருக்கியோடு வந்து இறங்கினார். லேசான தூறல். பெண்கள் தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறுவதற்காக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், எடுத்த எடுப்பிலேயே அவர்கள் கும்பிடும் சாமிகளைக் கேவலமாகப் பேச ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போய், "ஐயா, இங்கன இப்படிப் பேச வேணாம்யா" என்றேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

"இந்த மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்ததே, ஏன் தெரியுமா?" என்று கத்தினார். "கல்லையும் மண்ணையும் கும்பிட்டவர்கள்மேல் வந்த தேவ கோபம்!"

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு கவிழ்ந்து, அந்த முக்கில் தினமும் நின்றவர்களில் சிலர் செத்துப்போனார்கள். பிரசங்கியாருக்கு அது முந்தின நாள் சாப்பிடும்போது யாரோ சொன்ன சேதி. அங்கே நின்றவர்களுக்கு அப்படியா? அந்த விபத்தில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண், எல்லோருக்கும் முன்னாலேயே நின்றிருந்தாள். தேவாரம் பக்கம் வீடு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புருஷன் செத்த அதே பாதையில், அதே வேலைக்கு, தினமும் அவள் போய் வந்தாக வேண்டும்.

அவள் தலையில் போட்டிருந்த துண்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? "பாருங்கள், இந்தச் சகோதரி தன் பாவத்தை உணர்ந்து அழுகிறாள்!" என்று கையை நீட்டிக் காட்டினார். கேமராக்காரர் அவள் முகத்துக்குக் கிட்டத்தில் போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒலிபெருக்கிக்குப் போகும் வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சத்தம் நின்றது.

"சகோதரி, கர்த்தருடைய ஊழியத்தைத் தடுக்கிறீர்கள்" என்றார்.

"எதுய்யா ஊழியம்? புருசனப் பறிகொடுத்தவ மூஞ்சியில கேமராவக் காட்டுறதா?" என்று நானும் கத்தினேன்.

அதற்குள் டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எங்களைக் கிண்டல் செய்யும் அந்த டிரைவர்தான் முதல் ஆளாகப் பிரசங்கியாரின் சட்டையைப் பிடித்தார். அடி விழுந்திருக்கும். அந்தப் பெண்தான் தடுத்தாள். "விடுங்கண்ணே. சோலிக்கு நேரமாச்சு, வெரசா வண்டிய எடுங்க" என்றாள். ஜீப்பில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எம் புருசன் என்ன பாவம் பண்ணாருன்னு ஒங்க சாமி ஒங்ககிட்டச் சொல்லுச்சாக்கா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப்பு போய்விட்டது.

எபேசு பட்டணத்தில் பவுலோடு இருந்தவர்களை ஊரே பிடித்து இழுத்துக்கொண்டு போனபோது, இவர்கள் நம் தேவியை இழிவாகப் பேசவில்லை என்று அந்த ஊர் அதிகாரியே சாட்சி சொன்னார். தெருவில் பேசியவர்களுக்கு அப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது. எங்கள் பிரசங்கியாருக்காக அந்த முக்கில் யார் அப்படிச் சாட்சி சொல்லியிருப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பிப் போனேன். அங்கே விசாரணை எனக்கு.

"வந்த விருந்தாளிய நடுரோட்டுல ஒரு பொம்பள அவமானப்படுத்தலாமா?" என்று செயலாளர் ஆரம்பித்தார்.

"அந்தப் பிள்ளைய அவமானப்படுத்துனது?"

"அது வேற விசயம்மா. அதுக்கு நாம உள்ளுக்குள்ள வருத்தப்பட்டுக்குவோம். ரோட்டுல நின்னு பேசப்போயித்தான இந்த வம்பு? இனிமே ஜீப்பு முக்குக்கு யாரும் போகக் கூடாது." அதற்கு ஒரு வசனத்தையும் கையில் வைத்திருந்தார். "இயேசுவோட சத்தம் வீதியில கேக்காதுன்னு மத்தேயு சுவிசேஷத்துலயே போட்டுருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். "அடுத்த வரியையும் படிங்கய்யா. நெரிஞ்ச நாணல முறிக்க மாட்டாருன்னு போட்டுருக்குல்ல? மலையிலயும் கடக்கரையிலயும் பேசுனவரு அவரு. நொந்து கெடக்குறவங்கள முறிக்காதன்னுதான் அதுக்கு அர்த்தம். நம்ம ஆளு முறிச்சுட்டுப் போயிட்டாரு. நீங்க கதவச் சாத்திக்கிட்டு உள்ள ஒக்காரச் சொல்றீங்க."

"தீர்மானம் போட்டாச்சும்மா" என்றார் செயலாளர்.

மறுநாள் அதிகாலையில் நானும் மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறுவது என்று முடிவு செய்தேன். என் கணவர் தடுக்கவில்லை. "பைபிளும் கையுமா ஏறாத. மன்னிப்புக் கேக்கப் போறவ மாதிரி வெறுங்கையோட போ" என்று மட்டும் சொன்னார்.

சட்டையைப் பிடித்த அதே டிரைவர் என்னைப் பார்த்ததும், "எக்கா, வண்டியில வச்சுப் பேசுறதா இருந்தா இப்பவே எறங்கிக்கங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. "பேச வரலண்ணே. அவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்" என்றேன். பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வளைவுகளில் ஜீப்பு ஏற ஏறக் குளிர் கூடியது. ஒரு வளைவு வந்ததும் அதுவரை பேசிக்கொண்டு வந்த பெண்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அது எந்த இடம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மலை உச்சியில், போடிமெட்டில் டீக் குடிக்க நிறுத்தினார்கள். ஒரே மூட்டமாக இருந்தது. அவள் டீக்கிளாசை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"அன்னைக்கி நடந்ததுக்கு மன்னிச்சிரு தாயி."

"நீங்க என்னக்கா பண்ணீங்க? வயரத்தான புடுங்குனீங்க."

"நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலையே" என்றேன். இயேசுவின் காலத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து சிலர் செத்துப்போன கதையைச் சொன்னேன். செத்தவங்க மத்தவங்களவிடப் பெரிய பாவிங்கன்னு நெனைக்கிறீங்களா, இல்லவே இல்ல என்று அவரே சொல்லியிருப்பதையும் சொன்னேன்.

அவள் டீயைக் குடிக்காமல் கிளாசைப் பிடித்தபடி நின்றாள். "நெசமா அப்படி எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

எனக்கு நன்றி சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. "அப்ப இத இங்கன கொண்டாந்து எங்காதுல மட்டும் சொன்னா எப்படிக்கா? அந்தாளு ஊரே கேக்கத்தான சொன்னாரு? செல்லுலயும் போட்டுட்டாங்க. ஒங்கப்பன் பாவம் பண்ணித்தான் செத்தாராமேன்னு எம் புள்ளைககிட்டப் பள்ளிக்கூடத்துல கேக்குதுக. அங்கன நின்னு சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."

கிளாசை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டாள். நான் பஸ்சைப் பிடித்துக் கீழே இறங்கினேன். வழியெல்லாம் கமிட்டியின் தீர்மானத்தை நினைத்துக்கொண்டேதான் வந்தேன். அவள் கேட்டதற்கு முன்னால் அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அடுத்த நாள் காலை முக்கில் போய் நின்றேன். என்னோடு பாட வருகிறவர்கள் யாரும் வரவில்லை. கமிட்டிக்குப் பயம். என் கணவர் கடை வாசலில் நின்றுகொண்டார். நான் பேசத் தொடங்கியதும் ஜீப்புகளின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. டிரைவர்கள் முறைத்தார்கள். ஒருவர் வேண்டுமென்றே ஹாரனை அமுக்கினார்.

"அண்ணே, எஞ்சின அமத்துங்க" என்று ஒரு குரல் கேட்டது. அவள்தான். "அக்கா பேசட்டும்."

சட்டையைப் பிடித்த அந்த டிரைவர் முதலில் சாவியைத் திருப்பினார். பின்னால் நின்ற ஜீப்புகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. நான் கோபுரத்தின் கதையைச் சொன்னேன். அன்று இங்கே மைக்கில் சொன்னது பொய், அப்படி எங்கள் வேதத்தில் இல்லை என்றேன். இந்த மலைப்பாதையில் செத்தவர்கள் பாவத்துக்காகச் சாகவில்லை, கஞ்சிக்காக உழைக்கப் போய்ச் செத்தார்கள் என்றேன். அவர்கள் சாமிகளைப் பிரசங்கியார் கேவலமாகப் பேசியதற்கு எல்லோர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

அவள் பக்கத்தில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்கள்ல?" என்றாள். அவ்வளவுதான். ஜீப்புகள் கிளம்பிவிட்டன.

இதனால் யாரும் எங்கள் சபைக்கு வந்துவிடவில்லை. அவளும் வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை. தீர்மானத்தை மீறியதற்காக ஓய்வுநாள் பள்ளியில் சபைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பிரசங்கியாரின் வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி எத்தனை முறை கேட்டாலும் கமிட்டிக்கு அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை. கடவுளின் பெயரால் ஒருத்தியை ஊரறியப் பழித்துவிட்டு, நாலு சுவருக்குள் வருத்தப்பட்டுக்கொண்டால் போதும் என்று யார் சொன்னாலும் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பு இருக்கும்வரைதான் தெருவில் நின்று பேசுகிற உரிமை எனக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.