நாலு நட்சத்திர ஹோட்டலும் பாளையங்கோட்டை மாடி அறையும்

திருநெல்வேலியில் நாலு நட்சத்திர ஹோட்டலுக்குக் கொடுக்கிற பணம் தகுமா என்று இந்தத் தளத்தில் பலர் கேட்டுவிட்டீர்கள். போன செப்டம்பரில் நானும் என் வீட்டுக்காரர் ஜோசப்பும் திருச்சியிலிருந்து அங்கே போய்வந்தோம். ஊர் சுற்றும் பயணம் இல்லை. எங்கள் மகள் நான்சிக்கு, பெங்களூரில் அவளோடு வேலை பார்க்கும் பிரின்ஸைப் பிடித்திருந்தது. பையன் வீடு பாளையங்கோட்டையில். பெற்றவர்கள் நால்வரும் அதுவரை போனில் பேசியதோடு சரி. நேரில் பார்த்து, முடிக்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டிய பயணம் இது.

பையனின் அப்பா செல்வராஜ் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, இங்கேயே தங்கிக்கொள்ளலாமே என்று போனில் சொன்னார். ஜோசப் மறுத்துவிட்டார். அதில் ஒரு நியாயம் உண்டு. சம்பந்தம் முடிவாகும் முன் பையன் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காபி குடிக்கலாம், முறுக்கு கடிக்கலாம். சோறு சாப்பிட்டால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். ஆகவே ஹோட்டல் தேவைதான். ஆனால் நாலு நட்சத்திரம் எதற்கு என்று கேட்டேன். பெண் வீட்டார் சாதாரண லாட்ஜில் தங்கினால் மதிப்பார்களா என்றார். பெண்ணைப் பெற்றவருக்கு ஒருமுறை இந்த எண்ணம் வந்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. நானும் விட்டுவிட்டேன்.

திருச்சியிலிருந்து ரயிலில் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டைக்கு ஆட்டோ 120 ரூபாய். ஹோட்டல் அங்கேதான். வாடகை வரியோடு நாளொன்றுக்கு 5,900. இரண்டு இரவுக்கும் முன்பே கட்டியாயிற்று, ரத்து செய்தால் பைசா திரும்பாது. அறை சுத்தம். குளிர்சாதனம் சத்தமே போடவில்லை. ரிமோட்டில் திறக்கும் திரைச்சீலை. குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர். வாளியும் மக்கும் மட்டும் இல்லை. கேட்டதற்கு ஒரு மணி நேரம் கழித்து வாளி வந்தது, மக்கு வரவேயில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம். முன்பதிவுச் செயலியில் ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் மின்னும் நட்சத்திரமெல்லாம் அரசாங்கம் சோதித்துக் கொடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். சில இடங்களில் ஹோட்டல்காரர்களே போட்டுக்கொள்வதும் உண்டு. முறையாக வாங்கிய நட்சத்திரம்கூட லிஃப்ட் இருக்கிறதா, உணவகம் இருக்கிறதா, அறை எவ்வளவு பெரிது என்பதைத்தான் அதிகம் பார்க்கும். உங்களுக்கு அதில் எது வேண்டும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலம் செல்வராஜ் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு எங்களைப் பார்க்க வந்தார். ஜோசப் அவரை நேரே அறைக்குக் கூட்டிப்போய்த் திரைச்சீலையைத் திறந்து மூடிக் காட்டினார். கண்ணாடிச் சுவரையும் காட்டினார். அவர் "நல்லாருக்கு சார்" என்று இரண்டு முறை சொன்னார். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். இவர் வரி உட்பட சொன்னார். கீழே வந்து காபி குடித்தோம். ஒரு காபி 210 ரூபாய் என்பதை பில்லில் பார்த்தவர் பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். காபி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றார் ஜோசப்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. காலையில் செல்வராஜ் போன் செய்தார். வீட்டில் அவளுக்குத் தலைவலி, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் பாபநாசம் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. எனக்குத்தான் அந்தத் தலைவலியில் நம்பிக்கை வரவில்லை.

பாபநாசம் போய்வர டாக்ஸி 2,600 ரூபாய். தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். சேரன்மாதேவிப் பக்கம் வந்தபோது டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"பத்தமடைப் பாய் பாக்குதியளா அண்ணாச்சி? இங்கன நல்லாக் கெடைக்கும்."

நாங்கள் கட்டிலில் படுக்கிறவர்கள் என்று ஜோசப் சொல்லிவிட்டார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. வழியெல்லாம் வாழையும் வயலும். அதை ரசிக்கிற நிலைமையில் நான் இல்லை.

பாபநாசத்தில் தாமிரபரணி கூழாங்கல் தெரிகிற தெளிவு. படித்துறையில் காலை வைத்த நேரம் நான்சி கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். பிரின்ஸிடம் அவன் அப்பா, அவர்கள் பழக்கம் வேறு, அந்தப் பிள்ளையை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து கஷ்டப்படுத்தக் கூடாது, இது வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"அம்மா, நீங்க அங்க போய் என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

திரைச்சீலையைத் திறந்து மூடினோம் என்றா சொல்வது? எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். விருந்தாளி வந்தால்தான் ஏசி போடுவோம். இப்படிப்பட்ட எங்களைப் பார்த்து ஒரு குடும்பம் பயந்துவிட்டது. எனக்கு ஜோசப் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் தண்ணீரில் காலை வைத்தபடி, பேண்ட் நனைவது தெரியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது. டிரைவரிடம் நேரே பாளையங்கோட்டைக்கு விடச் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு வேளை. கதவைத் திறந்தது பிரின்ஸின் அம்மா எஸ்தர். கையில் மாவு, தலைவலிக்காரர் மாதிரித் தெரியவில்லை. எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் மறந்துபோயிற்று.

"ரொம்பப் பசிக்குதுங்க. சாப்பாடு இருக்கா?" என்றேன்.

அவர் புரியாமல் உள்ளே பார்த்தார். செல்வராஜ் எழுந்து வந்து நின்றார். பெண் வீட்டார் வாசலில் நின்று சோறு கேட்டால் என்ன அர்த்தம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜோசப்புக்கும் தெரியும். அவர் நேரே முற்றத்துக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார்.

"சோறும் சாள மீன் கொழம்பும்தான் இருக்கு," என்றார் எஸ்தர். "ஒரு வார்த்த சொல்லிருந்தா கறி எடுத்திருப்பேன்லா."

சாப்பிட உட்கார்ந்த பிறகு ஜோசப் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க வீடு இதைவிடச் சின்னது சார். உங்ககிட்ட மரியாதையா இருக்கட்டும்னுதான் அந்த ஹோட்டல் எடுத்தேன்."

செல்வராஜ் தண்ணீர்ச் செம்பை ஜோசப் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "அதப் பாத்துதான் பயந்துட்டோம் சார். ராத்திரி பூரா அவ, நம்ம பாத்ரூம்ல ஓடு பேந்து கெடக்கே, அந்தப் பிள்ள எப்படி இருக்கும்னே கேட்டுட்டு இருந்தா."

எஸ்தர் குழம்புச் சட்டியோடு என் பக்கம் வந்தார். அதுவரை போனில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். "மைனி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தட்டா?" என்றார். மைனி என்றால் அந்த ஊரில் அண்ணன் மனைவி. சம்பந்தி அம்மாவுக்கும் அதே முறைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிரவு மாடி அறையில்தான் படுத்தோம். முறைப்படி அதையும் சொல்லிவிடுகிறேன். மின்விசிறி கரகரவென்று சத்தம் போடும். வாளி இருக்கிறது, மக்கு இருக்கிறது, மொட்டைமாடியில் துணி காயப்போடக் கொடி இருக்கிறது. ஜோசப்பின் பேண்ட்டைத் துவைத்துப் போட்டேன், விடிவதற்குள் காய்ந்துவிட்டது. வண்ணார்பேட்டையில் 5,900 ரூபாய் அறை ஆளில்லாமல் குளிர்ந்துகொண்டிருந்தது. அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

உங்களுக்கான யோசனை இதுதான். குழந்தைகளோடு போகிறீர்கள், நல்ல தூக்கமும் லிஃப்ட்டும் வேண்டும் என்றால் நாலு நட்சத்திரம் கொடுத்த காசுக்குத் தகும். பகலெல்லாம் ஆறு, அருவி என்று அலைபவர்களுக்கு வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷன் பக்கமும் 1,500 ரூபாய்க்குள் நல்ல லாட்ஜுகள் உண்டு. வெந்நீர் எத்தனை மணிவரை வரும், ஈரத்துணி காயப்போட இடம் உண்டா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். ரத்து செய்ய முடியாத அறையை மட்டும் எடுக்காதீர்கள், எந்த நேரத்தில் யார் வீட்டில் படுக்க நேரும் என்று சொல்ல முடியாது. அல்வாவைப் பற்றி ஊரே எழுதிவிட்டது, நான் வேறு எழுத வேண்டாம்.

அடுத்த மாதம் நிச்சயதார்த்தம், திருச்சியில். மாப்பிள்ளை வீட்டாரைத் தங்கவைப்பது எங்கள் பொறுப்பு. ஜோசப் மறுபடியும் செயலியைத் திறந்து நட்சத்திரம் எண்ணத் தொடங்கினார். நான் போனைப் பிடுங்கி, செல்வராஜையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். கேட்டார். ஆறு பேர் வருகிறார்களாம்.

"ஓட்டல் என்னத்துக்கு அத்தான்?" என்றார் அவர். சம்பந்தியான பிறகு சார் போய் அத்தான் வந்துவிட்டது. "ஒங்க வீட்ல எடம் இருக்கும்லா? வரும்போது பத்தமடையில ஆறு பாய் வாங்கிட்டு வாறேன். விரிக்க எடம் மட்டும் காட்டுங்க, போதும்."

இரண்டு நாளாக ஜோசப் ஹாலில் இருந்த சோபாவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.