கோலுக்கு முன்னால் அக்கா கிடையாது

போன கிழமை பெய்த மழையில் நான் வேலை செய்யும் கந்தோரில் யன்னலோரக் கதிரையின் மெத்தை ஊறிவிட்டது. உள்ளிருந்த பஞ்சைக் கழற்றி யாரோ மதிலில் காயப் போட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற அதன் புளித்த மணம் என் மேசை வரைக்கும் வந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் பிடித்திருந்தது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்: எங்கள் பள்ளிக்கூட ஹொக்கி அணியின் கோல்கீப்பர் காலில் கட்டியிருந்த பட்டைகளின் மணம் அது.

கடையில் வாங்கிய பட்டைகள் அல்ல. பழைய மெத்தையை அளவாக வெட்டி, மேலே ரெக்சின் தைத்து, வலை பின்னும் நைலோன் நூலால் காலோடு சேர்த்துக் கட்டுவது. எங்கள் கோலுக்கு வலை கிடையாது. பின்னால் பத்தடி தள்ளி வாவி. எங்களுக்கு விழுந்த கோல்களில் பாதி நேரே தண்ணீருக்குள் போய்விடும். இறங்கி எடுப்பது கோல்கீப்பரின் வேலை. ஆகவே அந்தப் பட்டைகள் காய்ந்த நாளே இல்லை. எங்கள் தடுப்பாட்டத்தின் தரத்தை மணத்தாலேயே அறியலாம்.

கோல்கீப்பர் தர்சினி ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் கேள்வி கேட்டால், பக்கத்து மேசைக்கு மட்டும் கேட்கும்படி பதில் சொல்லுகிற பிள்ளை. கோலில் நிற்க வேறு எவரும் சம்மதிக்கவில்லை. அவளுக்கு மறுக்கத் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் நிற்கும் மூன்று பேரும் உயர்தர வகுப்புக்காரிகள். நடுவில் நான், தலைவி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். அப்பா வாவியில் தோணி விடுகிறவர். வீட்டுக்கு வரும் கடிதம் எதுவானாலும் நான் வாசித்தால்தான் அதற்கு அர்த்தம். அந்தப் பெருமை அப்போது நிறைய இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஒளிப்பானேன்.

அந்த வருடம் அதிபர் முடிவாகச் சொல்லிவிட்டார். வலயப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே திரும்பவும் தோற்றால் பெண்பிள்ளைகளுக்கு இனி ஹொக்கி இல்லை. மட்டைகள் களஞ்சிய அறைக்குள் போய்விடும். போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது டவுன் பள்ளிக்கூடம் ஒன்றோடு பழகிப் பார்க்க ஆடினோம். நாலு கோல் வாங்கினோம். நாலும் ஒரே மாதிரி: பந்து கோலடிக்கு வரும், நாங்கள் மூவரும் அதன்மேல் பாய்வோம், அது எங்கள் கால்களுக்குள்ளால் நழுவி, சும்மா நின்ற ஒருத்தியிடம் போகும்.

ஆட்டம் முடிந்ததும் நான் தர்சினியைத்தான் ஏசினேன். தலைவிகள் அப்படித்தான்.

"நீ பாத்துக்கொண்டுதானே நிண்ட? அவள் தனிய நிண்டத நீ காணல்லியா?"

"கண்டன் அக்கா. நாலு தரமும் கண்டன்."

"மறுகா ஏன் புள்ள சொல்லல்ல?"

அவள் பட்டையின் நூலை அவிழ்த்தபடி சொன்னாள். "உங்கள நான் எப்பிடி அதட்டுற?"

அவள் மட்டையின் நுனியால் மணலில் கோடு போட்டாள். முதல் கோலின்போது நான் எங்கே, மற்ற இருவர் எங்கே, பந்து எந்தக் காலில் பட்டு எப்படித் திரும்பியது. பிறகு அதை அழித்துவிட்டு இரண்டாவது கோல். மூன்றாவது. நாலாவது. எனக்கு என் முன்னால் நின்றவளைத் தவிர எதுவும் நினைவில்லை. இந்தச் சின்னப் பிள்ளையின் கண்ணுக்குள் முழு மைதானமும் இருந்தது.

அன்றே ஒரு சட்டம் போட்டோம். கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டத்துக்குள் அக்கா கிடையாது. தர்சினி எங்கள் பெயரைச் சொல்லி ஏவ வேண்டும். நாங்கள் எதிர்க்கேள்வி கேளாமல் செய்ய வேண்டும். சொல்வது லேசு. முதல் நாள் பயிற்சியில் அவள், "அக்கா, ஒள்ளுப்பம் இடப்பக்கம் போறீங்களா" என்று தொடங்குவாள். வசனம் முடியுமுன் பந்து வாவியில் மிதக்கும். அக்கா என்று சொன்னால் நாங்கள் அசையாமல் நின்றோம். அவள் அழுதாள், தண்ணீருக்குள் இறங்கினாள், திரும்பி வந்து நின்றாள். மூன்றாம் நாள், ஏழாவது தடவை தண்ணீரிலிருந்து ஏறி வந்தவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது போலும். என் பெயர் பின்னாலிருந்து வெடித்தது. அப்படி ஒரு குரலை அந்த உடம்பு எங்கே வைத்திருந்தது?

அவளைக் கூட்டிப்போக வந்த அம்மா அதைக் கேட்டு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "பெரிய புள்ளைகளோட இப்பிடியா கதைக்கிற? ஊருக்கே கேக்குது." நான்தான் சமாதானம் சொன்னேன். எங்களைக் காப்பாற்றத்தான் கத்துகிறாள் என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "காப்பாத்துற எண்டா ஒள்ளுப்பம் மெதுவாக் காப்பாத்தட்டுமே."

வலயப் போட்டியில் நாங்கள் ஒரு கோல் முன்னால். கடைசி நிமிடம், சிவப்புச் சட்டை போட்ட எதிரணிக்குப் பெனால்டி கோர்னர். கோட்டிலிருந்து இரண்டடி முன்னால் ஓடிப்போய் நின்றேன். பின்னால் குரல் வந்தது: "பந்தப் பாக்காத. அடிக்கப்போற சிவப்புச் சட்டையப் பாரு." அடித்த பந்து தர்சினியின் பட்டையில் மோதி எங்கோ தெறித்தது. எங்கே என்று நான் காணவில்லை. "உன்ட வலம், கீழ!" மட்டையைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான். மட்டையில் பந்து மோதிய அதிர்வு தோள் வரை ஏறியது. திரும்பிப் பார்த்தபோது அது எல்லைக் கோட்டுக்கு வெளியே உருண்டுகொண்டிருந்தது. விசில் ஊதிவிட்டார்கள். நான் காணாத ஒரு பந்தை நான் தடுத்திருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் புல்லரிக்கிறது.

திரும்பும்போது பஸ்சில் அவள், யன்னல் பக்கம் இருக்கிறீர்களா அக்கா என்று மிக மெதுவாக என்னைக் கேட்டாள்.

மட்டைகள் களஞ்சிய அறைக்குப் போகவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு இரண்டு வருடம் வரையிலும் அணி இருந்தது. பிறகு ஆள் சேரவில்லை. கோல் நின்ற இடத்தில் இப்போது மாடிக் கட்டிடம். தர்சினி பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். போன வருடம் கண்டபோது அந்தச் சட்டத்தை ஞாபகப்படுத்தி, என் பெயரை ஒருதரம் சொல்லச் சொன்னேன். கையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "இனி எப்பிடி அக்கா?"

வீட்டில் இப்போது எல்லா முடிவும் என்னிடம்தான் வருகிறது. அம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரி, தங்கச்சிக்கு எந்தப் படிப்பு. நீ படித்தவள், நீ சொன்னால் சரி என்கிறார்கள். நானும் சொல்கிறேன். சொல்வதற்கு முன் ஒரு கணம் காது கொடுத்துக் கேட்பேன், பின்னாலிருந்து யாராவது என் பெயரைச் சொல்லி அதட்டுவார்களா என்று. ஒருவரும் அதட்டுவதில்லை.